பிஎம்டபிள்யூ வெல்ட்டில் புது வண்டி எடுத்து அப்படியே ஆல்ப்ஸ் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெர்மனியின் எர்லாங்கனில் வேலை பார்க்கிறீர்கள், சொந்த ஊர் சேலம். பிஎம்டபிள்யூ எக்ஸ்1 பெட்ரோல் வண்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள். எர்லாங்கன் டீலரிடம் எடுக்காமல் முனிச்சில் உள்ள பிஎம்டபிள்யூ வெல்ட்டில், அதாவது அந்தக் கம்பெனி புது வண்டிகளை ஒப்படைக்கும் பெரிய காட்சிக்கூடத்தில், எடுக்க ஆசை. ஜூன் மாதம் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். மனைவியையும் சேர்த்து நான்கு பேர், ஐந்து நாள். முனிச், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று ஒரு சுற்று. இதில் பணம் மிச்சமாகுமா, என்னென்ன காகிதம் வேண்டும், கடைசியில் வண்டியை ஊருக்கே கொண்டு போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டியை முனிச்சில் எடுங்கள், நல்ல யோசனை. ரோமை விட்டுவிடுங்கள், சுவிட்சர்லாந்துக்குப் பதிலாக ஆஸ்திரிய ஆல்ப்ஸ் போதும். முனிச்சிலிருந்து ரோம் ஒரு வழிக்கே தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐந்து நாளில் இரண்டரை நாள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். அதைவிட முக்கியமான காரணம், புது வண்டிக்கு ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது ஒத்துவராது. அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பணம். மிச்சம் எதுவும் இல்லை. "ஐரோப்பாவில் போய் வண்டி எடுத்தால் விலை குறையும்" என்ற பேச்சு அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து வந்தது. அங்கே வாங்குபவர்களுக்கு பிஎம்டபிள்யூ ஒரு திட்டம் வைத்திருந்தது. விலையில் சில சதவீதம் தள்ளுபடி. முனிச்சில் வந்து சாவியை வாங்கி, தற்காலிக நம்பர் பிளேட்டோடு ஐரோப்பாவைச் சுற்றி, ஏதாவது ஒரு நகரத்தில் ஒப்படைத்தால் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து சேரும். அந்தத் திட்டத்தை 2020இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் கதைகளைப் படித்துவிட்டு இன்னும் பலர் அது இருப்பதாகவே நினைக்கிறார்கள். அந்தத் திட்டத்திலும் எக்ஸ்5 மாதிரியான வண்டிகள் கிடையாது. அவை அமெரிக்காவிலேயே ஸ்பார்டன்பர்க் ஆலையில் தயாராகின்றன. தெற்கு கரோலினாவில் செய்த வண்டியை முனிச்சில் வந்து எடுத்து மறுபடி கப்பலேற்றுவதில் என்ன அர்த்தம்?

ஜெர்மனியில் குடியிருந்து ஜெர்மனியில் வாங்குகிற உங்களுக்கு, வெல்ட்டில் எடுப்பது ஒரு கூடுதல் சேவை, அதற்குத் தனிக் கட்டணம். டீலர் வாங்கும் வண்டி கொண்டுவரும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில சமயம் வித்தியாசம் சின்னது, சில சமயம் பெரியது. நீங்கள் எடுக்கும் பேக்கேஜைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் முன்பே அந்த வரியைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வரியும் குறையாது. இங்கேயே பதிவு செய்யும் வண்டிக்கு 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி முழுதாக உண்டு.

இன்னொன்று. உங்கள் எக்ஸ்1 முனிச்சில் தயாராவது இல்லை, அது ரேகன்ஸ்பர்க் ஆலை வண்டி. அங்கிருந்து முனிச்சுக்குக் கொண்டு வந்து கொடுப்பார்கள். "ஆலையிலிருந்து நேராக" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள்.

சரி, பணம் மிச்சமில்லை என்றால் எதற்கு அங்கே போக வேண்டும்? இடத்துக்காகத்தான். 2007இல் திறந்த கட்டடம் அது. வியன்னாவின் கூப் ஹிம்மல்பிளாவ் நிறுவனம் வடிவமைத்தது. சுழன்று எழும் கண்ணாடிக் கூம்பும், அதிலிருந்து நீளும் பெரிய கூரையும் உங்கள் அப்பாவைப் பத்து நிமிடம் வாயடைக்க வைக்கும். மேல்தளத்துக்கு அழைத்துப்போய், படிகள் வழியாகக் கீழே இறக்குவார்கள். கீழே சுழலும் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் வண்டி நிற்கும். பிறகு கட்டடத்துக்கு உள்ளேயே வண்டியை எடுத்து, வளைந்து இறங்கும் சரிவுப் பாதையில் ஓட்டிக்கொண்டு நேராகத் தெருவுக்கு வரலாம். எல்லாம் நாடகம்தான், ஆனால் நன்றாகச் செய்த நாடகம். எதிரிலேயே 1973இல் திறந்த அருங்காட்சியகம், பக்கத்தில் ஆலை. ஆலையைச் சுற்றிக்காட்டவும் முன்பதிவு உண்டு. நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்பதால், முட்டிவலி இருந்தால் அம்மாவை அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு பேர் வருகிறோம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதும் பேக்கேஜைப் பொறுத்தது.

போகும்போது ரயில். பக்கத்து நியூரம்பர்கிலிருந்து முனிச்சுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் ஆகும். அங்கிருந்து யூ3 மெட்ரோ, ஒலிம்பியாட்சென்ட்ரும் நிறுத்தம், இறங்கினால் எதிரில் தெரியும். அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த இரண்டு பெரிய சூட்கேஸையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எக்ஸ்1 டிக்கியில் நான்கு பேரின் ஐந்து நாள் சாமான் வசதியாகப் போகும், ஊறுகாய்ப் பாட்டில்கள் உட்பட. ஊருக்குத் திரும்பும் லக்கேஜ் எர்லாங்கன் வீட்டிலேயே இருக்கட்டும்.

பூஜை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மா கேட்பார். கண்ணாடிக் கூடத்துக்குள் கற்பூரம் வேண்டாம், தீ எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. தேங்காயும் அங்கே உடைக்க முடியாது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ என்றால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. வண்டியை ஒப்படைக்கும் பெண் "இது என்ன" என்று ஆர்வமாகக் கேட்கவும் கூடும். நான்கு எலுமிச்சம்பழத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து எங்காவது வண்டியை ஓரம் கட்டும் இடத்தில் சக்கரத்தடியில் வைத்து ஏற்றுங்கள். முறையாகக் கோவிலில்தான் செய்ய வேண்டும் என்றால், ஜெர்மனியில் நம்மவர்களுக்குப் பெயர்போனது ஹாம் நகரத்து காமாட்சி அம்மன் கோவில். ஈழத்தமிழர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. எர்லாங்கனிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நேர் எதிர்த்திசையில். இந்தப் பயணத்தோடு சேர்க்காமல் வேறொரு வார இறுதியில் போய்வாருங்கள்.

இனி காகிதம். இங்கேதான் தேதி தள்ளிப்போகும். வண்டி தயாரானதும் அதன் உரிமைப் பத்திரம் டீலருக்கு வரும். கடனிலோ லீசிலோ எடுத்தால் அந்தப் பத்திரம் கடைசிவரை வங்கியிடமே இருக்கும், உங்கள் கைக்கு வராது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நீங்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியது பதிவுச் சான்றின் முதல் பகுதி. பதிவு நடப்பது உங்கள் ஊரான எர்லாங்கன் அலுவலகத்தில். அதற்குக் காப்பீட்டு நிறுவனம் தரும் ஏழு எழுத்து எண், வாகன வரியைப் பிடித்துக்கொள்ள வங்கிக் கணக்கின் ஒப்புதல், பாஸ்போர்ட், முகவரிப் பதிவு எல்லாம் வேண்டும். பெரும்பாலும் டீலரே செய்து, நம்பர் பிளேட்டை முனிச்சுக்கு அனுப்பிவிடுவார். இதில் எங்காவது ஒரு நாள் இடறினாலும் வண்டி எடுக்கும் நாள் மாறும். அதனால் முதல் இரண்டு இரவுகளுக்கான ஹோட்டலை, கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்திலேயே போடுங்கள்.

நம்பர் பிளேட்டில் பிடித்த எழுத்து கேட்கலாம், சின்னக் கட்டணம்தான். நம் ஆட்கள் உடனே இனிஷியலும் பிறந்த தேதியும் போடப் பார்ப்பார்கள். சரவணன், தகப்பனார் சுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எஸ்எஸ்" கிடைக்காது. "எஸ்ஏ", "என்எஸ்", "கேஇசட்", "எச்ஜே" எதுவும் கிடைக்காது. எல்லாம் நாஜிக் கால அமைப்புகளையும் வதைமுகாம்களையும் நினைவுபடுத்தும் எழுத்துகள். தமிழ்ப் பெயர்கள் நிறைய எஸ்ஸில் தொடங்குவதால் இந்தச் சுவரில் முட்டிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் யோசித்து வையுங்கள்.

காப்பீட்டில் இரண்டு விஷயம். முதல் வண்டி என்றால் விபத்தில்லாத ஆண்டுகளின் கணக்கு உங்களுக்கு அடிமட்டத்திலிருந்து தொடங்கும். பிரீமியம் கையைக் கடிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, யார் யார் ஓட்டுவார்கள் என்று பாலிசியில் எழுதிய பட்டியல். அதில் இல்லாதவர் ஓட்டி இடித்தால் கூடுதல் பணம் கேட்பார்கள். மனைவி பெயரைச் சேர்க்கும் முன் அவருடைய உரிமத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்வரைதான் இந்திய உரிமம் செல்லும். அதற்கு மேல் இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். அவர் வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவர் ஓட்டக்கூடாது, பத்து நிமிடம்கூட. அப்பா சுற்றுலாவாக வருபவர், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வந்தால் சட்டப்படி அவர் ஓட்டலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஓட்டிய மனிதரை முதன்முதலாக வலப்பக்கம் ஓட்டவைக்க ஆல்ப்ஸ் மலைச்சாலை சரியான இடமில்லை.

அம்மா அப்பாவின் விசா விஷயத்தில் உங்கள் பயம் தேவையற்றது. ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவில் ஆஸ்திரியா, இத்தாலி போய்வருவது வெளியேறிய கணக்கில் வராது. ஒருமுறை நுழைவு விசாவானாலும் பரவாயில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. ஜெர்மனி தன் எல்லையில் திரும்பி வரும் வண்டிகளைச் சோதிக்கிறது. நான்கு பேருடைய பாஸ்போர்ட், உங்கள் இருவருடைய குடியிருப்பு அட்டை, எல்லாம் முன்பக்கம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியின் அடியில் வேண்டாம்.

வண்டியைக் கையில் வாங்கும் நேரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லா வண்டியும் அழகாகத்தான் தெரியும். போட்டோ எடுப்பதற்கு முன், பம்பரின் கீழ் ஓரம், கதவு விளிம்பு, சக்கரத்தின் ரிம் மூன்றையும் குனிந்து பாருங்கள். கீறல் இருந்தால் அங்கேயே எழுதி வாங்க வேண்டும். இரண்டு சாவி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பை, ஒளிரும் மேலங்கி இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். சட்டப்படி அங்கி ஒன்று போதும். ஆனால் மலைச்சாலை ஓரத்தில் நான்கு பேர் இறங்கி நிற்க வேண்டி வந்தால் நான்கு தேவை, கடையில் சில யூரோதான். முன் கண்ணாடியில் பச்சைச் சுற்றுச்சூழல் ஸ்டிக்கர் ஒட்டி, அதில் உங்கள் நம்பரை எழுதியிருக்க வேண்டும். பூட்டு போட்ட சக்கர போல்ட் இருந்தால் அதன் தனிச் சாவி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பஞ்சராகி நிற்கும்போது தேடுகிற பொருள் அது.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, வேக எச்சரிக்கை. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். பலகையில் உள்ள வேகத்தைத் தாண்டினால் "பிங்" என்று ஒலிக்கும். அணைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானாகத் திரும்ப வந்துவிடும். மலைக் கிராமங்களில் 50, 30, மறுபடி 70 என்று மாறிக்கொண்டே இருக்கும். சில சமயம் பக்கத்துச் சந்துப் பலகையைப் படித்துவிட்டு வீணாகக் கத்தும். பின்சீட்டிலிருந்து அம்மா "என்னப்பா அது சத்தம், வண்டியில் ஏதோ கோளாறா" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஸ்டியரிங்கில் எதை அழுத்தினால் அது அடங்கும் என்று அங்கேயே செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். பெட்ரோல் பிஎம்டபிள்யூக்களுக்கு முதல் 2000 கிலோமீட்டர் வரை இஞ்சின் சுற்று 4500ஐயும் வேகம் 160ஐயும் தாண்டக்கூடாது, ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கக்கூடாது என்று கையேடு சொல்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டிலும் அந்தப் பக்கத்தை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது டயரும் பிரேக்கும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். சுமார் 300 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். பிரேக் டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று படிய சுமார் 500 கிலோமீட்டர் ஆகும். அதுவரை பிரேக் பிடிக்காது என்று இல்லை, முழுத் திறன் வராது. காலை பதினொரு மணிக்கு வண்டி எடுத்து மாலையில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து நான்கு பேரும் சாமானுமாக இறங்கினால், இன்னும் படியாத பிரேக்கைத்தான் நம்பி இறங்குகிறீர்கள்.

இஞ்சினுக்கும் ஒரே சீரான வேகம் நல்லதல்ல. ஏற்றம், இறக்கம், கிராமத்துக்குள் நிதானம், வெளியே வந்ததும் கொஞ்சம் வேகம் என்று மாறி மாறி ஓடுவதுதான் புது இஞ்சினுக்குச் சரியான பயிற்சி. ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 130இல் குரூஸ் போட்டு ரோம் வரை போவதற்கு நேர் எதிர் இது. ஆக, உங்களுக்கு வேண்டியது முதலில் ஏரிக்கரைச் சாலைகள், பிறகு சின்னக் கணவாய்கள், கடைசியில் பெரிய மலை. அப்படி ஒரு பாதை முனிச்சின் தெற்கு வாசலிலேயே இருக்கிறது.

முதல் நாள் மதியம் கிளம்பி பாட் டூல்ஸ், லெங்க்ரீஸ், சில்வென்ஸ்டைன் நீர்த்தேக்கம் வழியாக ஆஸ்திரியாவுக்குள் ஆகன்சே ஏரி. நூறு கிலோமீட்டரைச் சுற்றித்தான். ஆகன் கணவாய் ஆயிரம் மீட்டரைக்கூடத் தொடாது, அதைக் கடந்ததே தெரியாது. சில்வென்ஸ்டைனில் தண்ணீருக்கு நடுவே போகும் பாலத்தின் முனையில் நிறுத்தி வண்டியைப் போட்டோ எடுக்கலாம். இரவு ஏரிக்கரையில். அவ்வளவுதான் முதல் நாள். முதல் நாளில் இதற்கு மேல் ஓட்டாதீர்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாத நாள் அது.

இரண்டாம் நாள் யென்பாக், ஸில்லர் பள்ளத்தாக்கு, கெர்லோஸ் கணவாய், கிரிம்ல் அருவி. அருவி மூன்று படியாக 380 மீட்டர் விழுகிறது, ஆஸ்திரியாவிலேயே உயரமானது. அடி வரை நடப்பது அம்மாவுக்கும் முடியும், அதற்கு மேல் ஏற்றம். இரவு மிட்டர்சில் பக்கம் தங்குங்கள். மூன்றாம் நாள் ஃபெல்பர்டவ்ர்ன் சுரங்கம் வழியாக லியன்ஸ், அங்கிருந்து மேற்கே திரும்பி இத்தாலிக்குள் டோப்லாக். இத்தாலி என்றாலும் இது தெற்குத் திரோல், ஊர்ப்பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருக்கும், கடைக்காரரும் ஜெர்மனில் பேசுவார். மதியம் மிசுரினா ஏரி, டோலமைட் பாறைச் சிகரங்கள், கொர்த்தினா வரை ஒரு சுற்று. மூன்று சிகரங்களின் அடிவாரம்வரை போகும் தனிச்சாலைக்குக் கட்டணமும் முன்பதிவும் உண்டு, கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் காலை ப்ராக்ஸ் ஏரி. ஜூலை, ஆகஸ்டில் பகல் நேரத்தில் முன்பதிவில்லாமல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஜூனில் அந்தக் கெடுபிடி இருக்காது, ஆனாலும் எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். பிறகு லியன்ஸ் திரும்பி, மாலைக்குள் ஹைலிகன்ப்ளூட்.

இதற்குள் ஓடோமீட்டர் ஐந்நூறை நெருங்கியிருக்கும். டயர் பிடித்துவிட்டது, பிரேக் படிந்துவிட்டது, உங்கள் காலுக்கும் வண்டி பழகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலை.

1935 ஆகஸ்டில் திறந்த சாலை அது. பொறியாளர் ஃபிரான்ஸ் வல்லாக் திட்டமிட்டது. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, ஹோக்டோர் சுரங்கம் 2504 மீட்டர் உயரத்தில். ஆண்டில் பாதி பனிமூடிக் கிடக்கும். மே தொடக்கத்தில் பனியை வெட்டித் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். ஜூனில் இருபுறமும் பனிச்சுவர் மிச்சம் இருக்கும், அப்பாவுக்கு அது போதும். ஏறும்போது ஒரு கிளைச் சாலை ஃபிரான்ஸ் யோசெஃப்ஸ் ஹோஹெ மேடைக்குப் போகிறது. அங்கிருந்து பாஸ்டர்ட்சே பனியாறு கீழே தெரியும். நூறாண்டுக்கு முன் அது எங்கே நின்றது, இப்போது எங்கே சுருங்கிக் கிடக்கிறது என்று பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும். அதே சாலையில் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டிய, இன்னும் சந்தைக்கு வராத கார்களையும் பார்க்கலாம். கம்பெனிகள் பிரேக்கைச் சோதிக்க இங்கேதான் கொண்டுவருகின்றன.

இறக்கம் வடக்குப் பக்கம், ஃபூஷ் ஊரை நோக்கி. ஏற்காடு மலையில் பஸ் ஓட்டுபவர்கள் சொல்வதுதான் இங்கும்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக் தானே என்று டியில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராதீர்கள். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் விடுங்கள். இஞ்சின் உறுமும், உறுமட்டும், அதுதான் பிடித்து நிறுத்துகிறது. வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். சூடான வாசனை வந்தால் ஓரம் கட்டி நின்று காபி குடியுங்கள். நின்ற பிறகு பிரேக்கை மிதித்தபடியே இருக்க வேண்டாம்.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ஆஸ்திரிய விக்னெட் (நெடுஞ்சாலைச் சுங்கச் சீட்டு) வாங்கவே தேவையில்லை. விக்னெட் ஆட்டோபானுக்கும் விரைவுச் சாலைக்கும் மட்டும்தான். மேலே சொன்னதெல்லாம் சாதாரணச் சாலை. திரும்பும்போது ட்செல் அம் சே, லோஃபர், பாட் ரைகன்ஹால் வழியாக வந்து ஜெர்மன் ஏ8இல் ஏறினால், அங்கே கார்களுக்குச் சுங்கமே இல்லை. கெர்லோஸ், ஃபெல்பர்டவ்ர்ன், க்ரோஸ்க்ளாக்னர் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. கடைசியது மட்டும் நாற்பது யூரோவுக்கு மேல், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எங்காவது திட்டம் மாறி ஆட்டோபானில் ஏற வேண்டி வந்தால் டிஜிட்டல் விக்னெட் எடுங்கள், ஆனால் நம்பர் பிளேட் உறுதியான பிறகு மட்டும். அது நம்பரோடு கட்டியது, ஒரு எழுத்து தவறினால் வாங்காததற்குச் சமம். உங்கள் பக்கத்து ஊர் ஃப்யூர்த் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள், அந்த யூ எழுத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளியையும் சேர்த்துத்தான் பதிய வேண்டும்.

இத்தாலிக்குப் பிரென்னர் கணவாய் ஆட்டோபான் வழியாகப் போனால் சுலபமாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். அங்கே லூயக் பாலத்தைப் புதுப்பிக்கிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து நெரிசல் இல்லாத நாட்களில் திசைக்கு ஒரே தடம்தான். நெரிசலுக்குப் பயந்து ஊர்ச்சாலைக்குள் இறங்கினால், விடுமுறைக் கால வார இறுதிகளில் திரோல் போலீஸ் உங்களைத் திருப்பி அனுப்பும். பவேரியாவின் பெந்தெகொஸ்தே பள்ளி விடுமுறை மே கடைசியிலோ ஜூனிலோ இரண்டு வாரம் வரும். தேதியைப் பார்த்து, அதைத் தவிர்த்து வண்டி எடுக்கும் நாளைக் கேளுங்கள். அறை வாடகையும் குறையும், ஏ8உம் காலியாக இருக்கும்.

வெனிஸ் கட்டாயம் என்றால், வேறொரு முறை ரயிலில் போங்கள். காரை நகரத்துக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும், பிறகு கார் எதற்கு? இத்தாலியின் பழைய நகரங்களில் நடுப்பகுதிக்கு வெளி வண்டிகள் நுழையத் தடை. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், யாரும் வழிமறிக்க மாட்டார்கள். பல மாதம் கழித்து அபராதக் கடிதம் எர்லாங்கனுக்கு வரும். லீஸ் வண்டி என்றால் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரே மாலையில் ஹோட்டலைத் தேடி அதே கேமரா முன்னால் மூன்று முறை சுற்றி, மூன்று கடிதம் வாங்கியது.

அம்மா அப்பா சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரிய மலை விடுதிகளில் பாலாடைக்கட்டி உருண்டை சூப் என்று மெனுவில் பார்த்தால் சைவம் போலத்தான் தெரியும். பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் மிதக்கும், கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் மாதிரியான கேஸ்ஸ்பெட்சலே நம்பலாம், முட்டை சாப்பிடுவார்கள் என்றால். சமையலறையுள்ள அறை எடுத்து ஒரு சின்னக் குக்கரைக் கொண்டு போவது இன்னும் உத்தமம். வளைவுகளில் வாந்தி வரக்கூடியவர் யாரோ அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். அப்பாவுக்கு இதய சிகிச்சை நடந்திருந்தால், இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் போகலாமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆஸ்திரியாவில் பெட்ரோல் பொதுவாக ஜெர்மனியைவிட மலிவு. லோஃபரில் டேங்கை நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டுங்கள். ஹைலிகன்ப்ளூட்டிலிருந்து எர்லாங்கன் வரை ஒரே நாளில் என்பது கொஞ்சம் நீண்ட நாள்தான், முனிச்சில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீடு சேரும்போது ஆயிரத்தைச் சுற்றி ஓடியிருக்கும், அதாவது இஞ்சின் பழகும் காலம் பாதிதான் முடிந்திருக்கும். ஏ9இல் வேகவரம்பு இல்லாத பகுதி வந்ததும் எவ்வளவு போகும் என்று பார்க்கத் தோன்றும். அதை ஜூலைக்கு ஒத்திப்போடுங்கள்.

கடைசியாக, வண்டியை ஊருக்குக் கொண்டு போவது. முடியாது. இந்தியா வலப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டிகளை மட்டுமே இறக்குமதி செய்ய விடுகிறது, உங்களுடையது இடப்பக்கம். பழைய வண்டி என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்ற விதி வேறு. இந்த இரண்டும் ஒத்துவந்தால்கூடச் சுங்கவரியைச் சேர்த்தால் சேலத்தில் புதிதாக வாங்குவதே மலிவு. நீங்கள் ஊர் திரும்பும்போது இங்கேயே விற்றுவிடுங்கள். சர்வீஸ் எல்லாம் முறையாகச் செய்து வைத்திருந்தால் எர்லாங்கனில் எக்ஸ்1 வாங்க ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை.